தமிழில் ஒரு மன்றாட்டு

ஆகஸ்ட் 29, சனி

கொரியா வந்து சேர்ந்தேன். மகள் ஜெனிட்டா விமான நிலையத்திலேயே இந்தக் குறிப்பேட்டை வாங்கிக் கையில் கொடுத்தாள். "முதல் தடவை வெளிநாடு வந்திருக்கீங்கப்பா, டெய்லி எழுதுங்க." முப்பத்து நான்கு வருடம் மற்றவர்கள் எழுதியதைத் திருத்தியே பிழைத்தவனை எழுதச் சொல்கிறாள். முதல் பக்கத்தில் பெயர், வயது, தொழில் என்று கோடு போட்டு இடம் விட்டிருக்கிறது. நிரப்பினேன். ம. தார்சியுஸ். அறுபத்தொன்று. மறைமாவட்ட அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துநர், மே மாதம் ஓய்வு. இரத்த வகைக்கும் ஒரு கோடு இருந்தது. அது எதற்கு என்று தெரியவில்லை. காலியாக விட்டேன்.

பயணத்துக்கு ஏற்பாடு செய்தவர் என் மைத்துனர் பெலிக்ஸ். இறந்துபோன என் மனைவியின் தம்பி, அச்சகத்தின் மேலாளர். பத்தொன்பது வருடங்களில் ஒரு நாள்கூட எனக்குக் கூடுதலாக விடுப்புக் கொடுக்காத மனிதருக்கு, நான் உலகம் பார்க்கவில்லையே என்று இந்த மாதம் திடீரென்று வருத்தம் வந்துவிட்டது. "அக்டோபர் வரைக்கும் இருந்துட்டு வாங்க அத்தான். அவசரமே இல்ல." அக்டோபர் என்பதை இரண்டு முறை சொன்னார்.

ஆகஸ்ட் 31

குப்பையைப் பிரிக்கக் கற்றுக்கொண்டேன். காகிதம், கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக், பிளாஸ்டிக் பை, சாப்பாட்டு மிச்சம். மிச்சத்தைப் போடும் தொட்டி அட்டையைக் காட்டினால்தான் வாய் திறக்கிறது, எவ்வளவு போட்டோம் என்று எடையும் சொல்கிறது. முருங்கைக்காய்ச் சக்கையை எதில் போடுவது என்று பக்கத்து வீட்டுக்காரரைச் சைகையில் கேட்டேன். அவர் சக்கையை நெடுநேரம் ஆராய்ந்துவிட்டு என்னைப் பார்த்துத் தலைகுனிந்து வணங்கினார். பதில் என்னவென்று இன்னும் தெரியாது.

செப்டம்பர் 3

மருமகன் ஆல்வின் கப்பல் கட்டும் தளத்தில் பொறியாளர். நல்ல பையன், சுற்றி வளைக்காமல் பேசுவான். காலையில் காபி குடிக்கும்போது கேட்டான்.

"மாமா, அச்சகத்துல ஏதோ கேஸுன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்களே?"

"ஆமா. ஒருத்தர் இறந்துபோனார். பிப்ரவரியில."

"உங்களுக்கு அதுல ஒண்ணுமில்லையே?"

"நான் சாட்சி மட்டும்தான்."

"அப்ப சரி," என்று வேலைக்குப் போய்விட்டான்.

செப்டம்பர் 6, ஞாயிறு

பங்குக் கோயில். பெண்கள் எல்லோரும் தலையில் வெள்ளைப் பின்னல் துணி போட்டிருந்தார்கள். முந்நூறு பேர் ஒரே நேரத்தில் முழந்தாளிட்டார்கள், ஒரு பெஞ்சுகூடச் சத்தம் போடவில்லை. எங்கள் ஊரில் காணிக்கை எடுக்கும்போதே பாதித் தெருவுக்குக் கேட்கும்.

இந்த நாட்டில் செப்டம்பர் மறைசாட்சிகளின் மாதம். போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் வேதத்தைக் கைவிட மறுத்ததற்காக ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றிருக்கிறார்கள். இந்தப் பங்குக்கென்று மலையடிவாரத்தில் பதினேழு கல்லறைகள் உண்டு, ஒன்றில்கூடப் பெயர் இல்லை. இருபதாம் தேதி அங்கே நினைவுத் திருப்பலி. மன்றாட்டுகளைப் பல மொழிகளில் வாசிப்பார்களாம். வியட்நாம்காரர் ஒருவர், பிலிப்பைன்ஸ்காரர் ஒருவர்.

"தமிழுக்கு எங்கப்பா இருக்காரு," என்று ஜெனிட்டா அறிவித்துவிட்டாள். "ஊர்ல ஞாயித்துக்கிழமை பைபிள் வாசகம் இவருதான் படிப்பாரு. இவரு குரலுக்கே தனியா ஆள் வரும்." பொறுப்பாளர் மோனிகா என்ற அம்மாள், எழுபது வயதிருக்கும், கைதட்டினார்.

திரும்பும் வழியில் மறைசாட்சி என்ற சொல்லை யோசித்துக்கொண்டு வந்தேன். என் அப்பா காலத்தில் வேதசாட்சி என்றார்கள். பிறகு வேதம் வடசொல் என்று மறைசாட்சி ஆக்கினார்கள். மறை என்றால் ஒளிந்துகொள் என்றும் பொருள் உண்டே என்பதை ஆக்கியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. எத்தனையோ முறை மெய்ப்பில் அந்தச் சொல்லைக் கடந்திருக்கிறேன். பிழை இல்லை என்பதால் தொட்டதில்லை.

செப்டம்பர் 9

கோயிலுக்குப் போய் வாசிக்கும் மேடையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். பழைய கட்டடம். பின்புறம் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒரு லாரி. அதிலிருந்து யானைத் துதிக்கை கனத்தில் ஒரு குழாய். கையுறையும் முகமூடியும் போட்ட ஒருவர் மூடியைக் கொக்கியால் தள்ளிவிட்டு, குழாயை உள்ளே விட்டு, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுத் தள்ளி நின்று பாட்டுக் கேட்டார். தொட்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. முடிந்ததும் மூடியைக் கழுவினார், கையைக் கழுவினார், என்னைப் பார்த்துத் தலைகுனிந்துவிட்டுப் போனார்.

ஆரம்பத்திலிருந்து கடைசி வரை பன்னிரண்டு நிமிடம்.

எங்கள் ஊரிலும் இந்த லாரி உண்டு. பிப்ரவரி ஏழாம் தேதி சனிக்கிழமை அது கிடைக்கவில்லை, திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை புது அச்சு இயந்திரத்தை மந்திரித்து ஆசீர்வதிக்க மறைமாவட்ட ஆயர் வருவதாக இருந்தது. வரவேற்பு வளைவுக்குப் பக்கத்திலேயே அச்சகக் கழிவுத் தொட்டியின் நாற்றம். தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்யும் மாசிலாமணிக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. வந்தார். பத்து மணிக்கு இறங்கினார். பத்து ஐந்துக்குக் கூப்பிட்டால் பதில் இல்லை.

அரைநாள் வேலை என்பதால் அச்சகத்தில் இரண்டே பேர்தான். பெலிக்ஸ், நான். மாசிலாமணி குடித்துவிட்டுத் தானாக வந்து, தானாக மூடியைத் திறந்து, தவறி விழுந்தார் என்று பெலிக்ஸ் எழுதிக் கொடுத்தார். நான், "மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்ததால் எதையும் பார்க்கவில்லை" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே வாக்கியத்தில் 'பார்த்து' இரண்டு முறை வருகிறது. நல்ல நடை அல்ல.

செப்டம்பர் 10

பன்னிரண்டு நிமிடம்.

செப்டம்பர் 13, ஞாயிறு

மோனிகா அம்மாள் மன்றாட்டைக் கொரிய மொழியில் எழுதி அனுப்பினார். அதைத் தன் கைப்பேசியில் போட்டுத் தமிழாகவும் அனுப்பிவிட்டார். கைப்பேசியின் தமிழ்:

"மறைந்த சாட்சிகளின் உதவி மூலம், உண்மை பேசுவதற்கான தைரியம் நமக்கு விநியோகிக்கப்பட வேண்டும்."

விநியோகம் ரேஷன் கடையில்தான் நடக்கும் என்று அடித்தேன். 'மறைந்த சாட்சி' என்பதில் தயங்கினேன். செத்துப்போன சாட்சி என்றும் கொள்ளலாம், ஒளிந்துகொண்ட சாட்சி என்றும் கொள்ளலாம். அதில் ஒரு மெய்யெழுத்து மாறினால் 'மறைத்த சாட்சி'. அச்சுக் கோப்பதில் சகஜமாக நேரும் பிழைதான். மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பிறகு சரியான சொல்லைப் போட்டு, தாளைக் கிழித்து, காகிதத் தொட்டியில் போட்டேன்.

இறுதி வடிவம்: "மறைசாட்சிகளின் பரிந்துரையால், உண்மையைச் சொல்லும் துணிவை எங்களுக்குத் தந்தருள, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." சுத்தமான வாக்கியம். யாரையும் தொந்தரவு செய்யாது.

செப்டம்பர் 16

பெலிக்ஸ் அழைத்தார்.

"அத்தான், குளிருதா அங்க?"

"இல்ல."

"நல்லா சாப்பிடுங்க. கோர்ட்டுலருந்து சம்மன் வந்துச்சு. இருபத்தெட்டாம் தேதி. ஆள் வெளிநாட்டுல இருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"வரலைன்னா ஒண்ணும் ஆகாதா?"

"வக்கீல் சொல்றாரு, நீங்க கூண்டுல ஏறாம இருந்தாலே போதும், கேஸ் தானா நீர்த்துப் போயிரும்னு. வேற யாரு பார்த்தா? அந்தப் பொம்பளையும் எத்தனை நாளைக்குத்தான் கோர்ட்டுக்கு அலைவா. உங்கமேல நம்பிக்கை இல்லாம இல்ல அத்தான். குறுக்கு விசாரணைன்னா உங்களுக்குக் கை நடுங்கும். அக்கா சொல்லும்."

அந்தப் பொம்பளை என்பது மாசிலாமணியின் மனைவி விக்டோரியா. எங்கள் பங்குதான். கோயிலில் இடதுபுறம் கடைசியில் உட்காருவார். இரண்டு பிள்ளைகள்.

மதியம் ஜெனிட்டா மீன் வாங்கி வந்தாள். நான் சுத்தம் செய்தேன். கை நடுங்கவில்லை.

செப்டம்பர் 19, சனி

கல்லறைகளில் புல் வெட்டப் போனோம். நாளைக்குத் திருப்பலி. கல்லறை என்று பழக்கத்தில் எழுதுகிறேன். கல் கிடையாது. புல் முளைத்த வட்ட மேடுகள், கவிழ்த்து வைத்த சட்டிகள் போல வரிசையாகப் பதினேழு. பங்கு மக்கள் இயந்திரமும் அரிவாளுமாக வந்திருந்தார்கள். எனக்கு ஒரு தொப்பியும் ஒரு களைக்கொத்தும் கொடுத்து மூன்றாவது மேட்டில் விட்டார்கள்.

அடுத்த மேட்டில் இருந்தவர் யோசேப் பெக். எழுபத்தைந்து வயது, கப்பல் தளத்தில் முப்பது வருடம் ஆங்கிலேயர்களோடு வேலை செய்தவர். அவருடைய ஆங்கிலத்துக்கும் என்னுடைய ஆங்கிலத்துக்கும் இலக்கணம் குறைவு என்பதால் சண்டையில்லாமல் பேச முடிந்தது.

"இவர்கள் உங்கள் முன்னோர்களா?" என்று கேட்டேன். மரியாதைக்குக் கேட்ட கேள்வி.

அவர் சிரித்தார். "இவர்களுக்கு ஏது வாரிசு? குடும்பத்தோடு கொன்றார்கள். என் முன்னோர் அங்கே நின்றார்." கொத்தால் சாலைப் பக்கம் காட்டினார். "அதிகாரி ஒரே ஒரு வார்த்தை கேட்டார். 'இவர்களைத் தெரியுமா?' என் தாத்தாவின் தாத்தா 'தெரியாது' என்றார். வீட்டுக்குப் போனார். எழுபத்துநான்கு வயது வரை இருந்தார். ஏழு பிள்ளைகள்."

நான் சுற்றிப் பார்த்தேன். முப்பது பேர் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இவர்கள்?"

"கணக்குப் போட்டுப் பாருங்கள்," என்றார் பெக். "உண்மை சொன்னவர்கள் மண்ணுக்குக் கீழே. மண்ணுக்கு மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் யாருடைய பேரப்பிள்ளைகள்? இது தெரியாது என்று சொன்னவர்களின் பங்கு."

நகைச்சுவையாகத்தான் சொன்னார். முப்பத்து நான்கு வருடம் மறைசாட்சிகள் வரலாற்றை எழுத்தெழுத்தாகப் படித்திருக்கிறேன், பல பதிப்புகள். அதிகாரி போகச் சொன்ன ஆட்கள் அதற்குப் பிறகு என்ன செய்தார்கள் என்று எந்தப் பதிப்பிலும் ஒரு வரி கிடையாது. கல்யாணம் செய்திருக்கிறார்கள். இஞ்சி பயிரிட்டிருக்கிறார்கள். கோயில் கட்டி, பெயரில்லாதவர்களுக்குப் புல் வெட்டியிருக்கிறார்கள்.

"அவர் பெயரை நாளைக்குத் திருப்பலியில், ஜெபிக்க வேண்டியவர்கள் பட்டியலில் வாசிப்பார்கள்," என்றார் பெக். "வருடா வருடம் எழுதிக் கொடுக்கிறேன். 'பெக் சொங்-நாம், தெரியாது என்று சொன்னவர்.' முதல் வருடம் என் அண்ணன் என்னோடு பேசவில்லை."

"இப்போது?"

"இப்போதும் பேசுவதில்லை."

செப்டம்பர் 20, ஞாயிறு

காலை பதினொன்றுக்குத் திருப்பலி. திறந்தவெளி, நானூறு பேர் இருப்பார்கள். ஜெனிட்டா கீழே கூடாரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நூடுல்ஸ் வேகவைக்கப் போய்விட்டாள். ஓரத்தில் கல்யாண வீட்டில் நிற்பதுபோல் ஒரு கேமரா மூன்று காலில் நின்றது.

பெயர்களை வாசித்தார்கள். பெக் சொங்-நாம் வந்ததும் பெக் எழுந்து நின்றார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அதுதான் அதிர்ச்சி. எங்கள் ஊரில் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதற்காகவே ஒருவரும் எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

பிறகு மன்றாட்டுகள். கொரிய மொழி, வியட்நாம், பிலிப்பைன்ஸ். நான்காவதாக நான். தாளில் 'மறைசாட்சிகளின்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. நானே திருத்தியது. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றேன். எதிரே பதினேழு மேடுகள், வெட்டிய புல்லின் வாசனை, தமிழ் தெரியாத நானூறு பேர். வாயைத் திறந்தேன்.

"மறைத்த சாட்சிக்காக மன்றாடுவோம்," என்றேன்.

மெய்யெழுத்து மாறிவிட்டது. திருத்தியிருக்கலாம். ஒரு கனைப்புப் போதும். "அந்தச் சாட்சி நான்," என்றேன்.

மூச்சு வாங்க நிறுத்தினேன். நிறுத்தினால் மன்றாட்டு முடிந்தது என்று அர்த்தம். நானூறு பேரும் ஒரே குரலில் கொரிய மொழியில் சொன்னார்கள்: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

"மாசிலாமணி குடித்திருக்கவில்லை. மூடியை அவராகத் திறக்கவில்லை. பெலிக்ஸ் திறக்கச் சொன்னார். இறங்கவும் சொன்னார். மாசிலாமணி, வாடை சரியில்லை சார், திங்கட்கிழமை லாரி வரட்டும் என்றார்."

மூச்சு. ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

"நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்."

இந்த முறை இன்னும் உருக்கமாகச் சொன்னார்கள். தமிழ் மன்றாட்டு மூன்று பகுதி கொண்டது என்று நினைத்திருப்பார்கள். தலைகுனிந்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மோனிகா அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியில் எதையோ பேசி என்னிடம் நீட்டினார். திரையில் தமிழில், "உங்கள் மொழி மிக நன்றாக வெந்திருக்கிறது" என்று இருந்தது.

இலேசாக இருந்தது. எல்லாவற்றையும் சொல்லியாகிவிட்டது, கேட்டவர் ஒருவரும் இல்லை. குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில்கூட இவ்வளவு வசதி கிடையாது. இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டேன்.

இரண்டரை மணிக்கு ஜெனிட்டா கைகழுவிவிட்டுப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தாள். நூற்றுப் பதினாறு செய்திகள். "பாருங்கப்பா, நம்ம பங்கு குரூப்ல எல்லாரும் உங்களைப் பார்த்திருக்காங்க!"

"எப்படி?"

"யூடியூப்ல லைவ் போனதேப்பா. நேத்தே லிங்க் அனுப்பிட்டேன். ஃபாதரும் பூசையில அறிவிச்சிருக்காரு."

இங்கே திருப்பலி தொடங்கியபோது அங்கே காலை ஏழரை. முதல் பூசை முடிந்து எல்லோரும் கோயில் மண்டபத்தில் காபி குடிக்கும் நேரம். செய்திகளை அவள் தோளுக்கு மேலாகப் படித்தேன். முதலில் கும்பிடும் கைகள், ரோஜாப் பூக்கள். 'நம்ம தார்சி சார்.' 'பங்குக்கே பெருமை.' 'மண்டபத்துல பெரிய டி.வி.ல ஓடுது.' பிறகு நான்கு நிமிடம் ஒன்றுமே இல்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் கொண்ட குழுவில் நான்கு நிமிட மௌனம். ஒரு பாப்பரசர் இறந்தபோதுகூட இவ்வளவு கிடைக்கவில்லை. பிறகு வரிசையாக: இந்தச் செய்தி நீக்கப்பட்டது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது. இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

ஜெனிட்டா காணொளியைத் திறந்தாள். என் குரல் வந்தது. நல்ல ஒலிப்பதிவு. ஒரு சொல்கூட விழுங்கப்படவில்லை.

அவள் இரண்டு முறை கேட்டாள்.

"அப்பா."

"ம்."

"நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"போலீஸ்ல?"

"பார்க்கலைன்னு சொன்னேன்."

கூடாரத்தில் யாரோ எங்களுக்கு வெட்டிய பேரிக்காய் கொண்டு வந்து வைத்தார்கள். அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "விக்டோரியா அக்கா என் கல்யாணத்துக்குப் பாத்திரம் கழுவ வந்தாங்கப்பா," என்றாள். "ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போனாங்க."

செப்டம்பர் 21

பெலிக்ஸ். குரல் பதறவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"அத்தான், ஒண்ணுமே ஆகல. நான் சொல்றத மட்டும் கேளுங்க. மொழிபெயர்ப்புப் பிழை."

"என்னது?"

"அந்தக் கொரியாப் பொம்பளை ஃபோன்ல மொழிபெயர்த்துக் குடுத்துச்சாமே, ஜெனி சொல்லிச்சு. அதுல தப்பா வந்துருச்சு, நீங்க அப்படியே வாசிச்சுட்டீங்க."

"ஃபோனுக்கு உன் பேரு எப்படித் தெரியும்?"

"ஜனங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்க. ஃபாதர்கிட்ட பேசிட்டேன். அப்படித்தான் இருக்கும்னு அவரே சொல்றாரு. எல்லாரும் நம்புறதுக்கு ரெடியா உக்காந்திருக்காங்க அத்தான். நீங்க குரூப்ல ஒரு வார்த்தை போடுங்க. பிழைன்னு. ஒரே வார்த்தை." அப்போதுதான் குரல் உடைந்தது. "நவம்பர்ல எம் பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கேன். அக்கா இருந்தா இப்படிச் செய்வீங்களா?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

உண்மையிலேயே யோசித்தேன். முப்பத்து நான்கு வருடம் பிழைகளோடு வாழ்ந்தவன் பிழை என்று சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? தமிழ்நாட்டிலேயே இந்தப் பொய்யைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

செப்டம்பர் 22

சாப்பாட்டின்போது ஆல்வின், "சாட்சி மட்டும்தான்னு சொன்னீங்களே மாமா," என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அகராதியில் அர்த்தம் பார்ப்பவன் போலச் சொன்னான்.

செப்டம்பர் 23

குழுவில் ஒரு வரி போட்டேன்: "வாசித்ததில் பிழை எதுவும் இல்லை." முற்றுப்புள்ளி வைத்தேன். நீக்கவில்லை. பெலிக்ஸ் குழுவிலிருந்து வெளியேறினார். அவரைத் தொடர்ந்து நாற்பத்தோரு பேர்.

பிற்பகல் ஜெனிட்டா என் பெட்டியை அலமாரிக்கு மேலிருந்து இறக்கி வைத்தாள். "சனிக்கிழமை ஃப்ளைட் இருக்கு. போடவா?"

"போடு."

"அப்பா, எனக்கு உங்க மேல ரொம்பக் கோவம். அத அப்புறம் பாத்துக்கலாம்."

செப்டம்பர் 28, திங்கள்

நீதிமன்றம். அரசு வழக்கறிஞர் அறை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இளைஞர். ஒரே நாளில் அதிர்ஷ்டம் அடித்தவர் போல இருந்தார்.

"சார், சுருக்கமா. பத்து மணிக்கு ஜன்னல்ல நின்னீங்க, மேனேஜர் இறங்கச் சொன்னதப் பார்த்தீங்க, கேட்டீங்க. அங்கருந்து ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி நடந்தது எதுவும் நமக்கு வேணாம். போலீஸ்ல ஏன் மாத்திச் சொன்னீங்கன்னு கேப்பாங்க. பயம்னு சொல்லுங்க. முடிஞ்சது."

கூடத்தில் விக்டோரியா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. தள்ளி எதிர்ப்பக்கத்தில் பெலிக்ஸ், வெள்ளைச் சட்டை, இரண்டு வக்கீல்கள். என்னைப் பார்க்கவில்லை. நான் விக்டோரியாவுக்கு முன்னால் போய் நின்றேன். என்ன சொல்வதென்று ஒன்பது மணி நேரம் விமானத்தில் தயார் செய்திருந்தேன், ஒன்றும் நினைவில் இல்லை.

"வந்துட்டீகளா," என்றார்.

"வந்துட்டேம்மா. அன்னைக்கு அந்தப் பூசையில..."

"பாத்தேன். மண்டபத்துல நானும் இருந்தேன். காப்பி டம்ளர் எடுத்துக் குடுத்துக்கிட்டு இருந்தேன்."

"எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா. இங்கயும் சொல்லிருவேன்."

"எல்லாத்தையுமா?"

அவர் குரலை உயர்த்தவில்லை, தாழ்த்தவும் இல்லை. பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார்.

"அன்னைக்குக் காலைல ஏழு மணிக்கு போன் வந்துச்சு. அவரு குளிச்சுக்கிட்டு இருந்தாரு. நாந்தான் எடுத்தேன். 'மாசிலாவ உடனே வரச் சொல்லும்மா, நாளைக்கு ஆயர் வர்றாரு, லாரிய நம்ப முடியாது'ன்னு. மேனேசர் குரல் எனக்குத் தெரியாது. அவரு எங்ககூட எங்க பேசியிருக்காரு? அந்தக் குரல் எனக்கு நல்லாத் தெரியும். வாரா வாரம் கோயில்ல கேக்குற குரல்."

ஏழரை மாதம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இடதுபுறம் கடைசியில் உட்கார்ந்து, நான் வாசகம் வாசித்து முடிக்கும்போது எல்லோரோடும் சேர்ந்து 'இறைவனுக்கு நன்றி' என்று சொல்லியிருக்கிறார்.

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"அச்சகத்து நம்பருன்னு எழுதிக்கிட்டாக. யாரு பேசுனதுன்னு கேட்டாக. தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

"ஏம்மா?"

அவர் என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். "உங்களையும் சேத்துப் பிடிச்சுட்டா சாட்சிக்கு நான் எங்க போறது? அங்க இருந்ததே ரெண்டு பேரு."

டவாலி வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்டார். தார்சியுஸ் என்பது அவர் வாயில் நுழையவில்லை. மூன்று முறையும் மூன்று விதமாக வந்தது.

"போங்க," என்றார் விக்டோரியா. "நீங்க நல்லவரா கெட்டவராங்கறது எனக்கு வேணாம். அவரு குடிகாரன் இல்லன்னு எழுதணும். மத்தத நீங்களே பாத்துக்கங்க."

கூண்டில் ஏறினேன். உறுதிமொழி சொன்னேன். கை நடுங்கியது, பெலிக்ஸ் சொன்னது சரிதான். அரசு வழக்கறிஞர் என்னைப் பார்த்துத் தைரியமாகத் தலையசைத்தார். "பிப்ரவரி ஏழாம் தேதி காலை பத்து மணிக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்பதை நீதிமன்றத்துக்குச் சொல்லுங்கள்."

"காலை ஏழு மணிக்கு," என்று ஆரம்பித்தேன், "மாசிலாமணி வீட்டுக்குப் போன் செய்தது நான்."

அரசு வழக்கறிஞர் கையிலிருந்த பேனாவை மேஜைமேல் வைத்தார். தட்டச்சு செய்யும் பெண், "சார், கொஞ்சம் மெதுவா," என்றார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகத் திரும்பச் சொன்னேன்.